சுவரில் ஏறும் ஓதமும் எங்கள் வீட்டுத் தரையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் தரமணி உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடை பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். செங்கல்பட்டு பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, கல்யாணம் ஆகி தரமணிக்கு வந்தவள். வீட்டில் தையல் மெஷின் வெச்சு பிளவுஸ் தைக்கிறேன். இன்னைக்கு "வாங்கின கடனால் வாழ்க்கையில் முன்னேறிய கதை" சொல்லுங்கன்னு என்னைக் கூப்பிட்டாங்க. நான் முன்னேறின கதையோட, ஒரு கடனை வீணாக்கின கதையையும் சேர்த்துச் சொல்றேன்னு சொன்னேன். அதுக்கு தலைவி அக்கா, "அதுதான் எல்லாருக்கும் வேணும், பேசு"ன்னு சொன்னாங்க. அந்தத் தைரியத்தில் பேசுறேன்.

நான் பேசப் போறது வீட்டில் ஏறுகிற ஓதத்தைப் பற்றி. கீழே இருந்து தரையிலும் சுவரிலும் ஏறுகிற ஈரம். இங்க உட்கார்ந்திருக்கிறவங்களில் எத்தனை பேர் வீட்டில் சுவர் அடியில் பெயிண்ட் பொரிஞ்சு, வெள்ளையா உப்பு பூத்திருக்கு? கை தூக்குங்க பார்க்கலாம். பாருங்க, பாதிக்கு மேல் கை வந்திடுச்சு. அப்ப நான் பேசுறது தப்பில்லை.

எங்க வீடு என் மாமனார் கட்டின வீடு. செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேலே ஓடு. அப்புறம் ஓட்டைப் பிரிச்சிட்டு ஷீட் போட்டாங்க. தரை சிவப்புக் காவி போட்ட சிமென்ட் தரை. என் அத்தை அந்தத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு கண்ணாடி மாதிரி வெச்சிருந்தாங்களாம். அந்தக் காலத்தில் தெருவில் இருந்து மூணு படி ஏறித்தான் வீட்டுக்குள்ள போவாங்களாம். நான் கல்யாணம் ஆகி வந்தப்ப ஒரு படி இருந்தது. இன்னைக்கு ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள்ள போகணும். வீடு இறங்கலை. ரோடுதான் ஏறினது. பழைய ரோட்டு மேலேயே புது ரோடு, அதுக்கு மேல இன்னொரு ரோடு. சென்னையில் பழைய வீடு வெச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். வேளச்சேரிப் பக்கமெல்லாம் வசதி இருக்கிறவங்க வீட்டையே ஜாக்கி வெச்சுத் தூக்கினாங்க. நம்மால் அது முடியுமா?

நம்ம தரமணி எப்படிப்பட்ட இடம்னு நினைச்சுப் பாருங்க. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2022ல் அதை உலக அளவில் முக்கியமான ராம்சர் இடம்னு அறிவிச்சாங்க. பறவைகளுக்கு நல்லது, மழைத் தண்ணியைத் தாங்கிக்கிறதுக்கும் அது வேணும். ஆனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் இருக்கிற தாழ்வான நிலத்தில் ஐப்பசி, கார்த்திகை மாசம் வந்தால் நிலத்தடி நீர் மேலே வந்து காலுக்கடியில் நிக்கும். 2000ல் டைடல் பார்க் திறந்ததில் இருந்து நம்மைச் சுற்றி உயரம் உயரமா கட்டடம் வந்திடுச்சு. நடுவில் நம்ம வீடுகள் மட்டும் பள்ளத்தில் இருக்கு. 2015 டிசம்பர் வெள்ளம் யாருக்கும் மறக்காது. அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்ப எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. ரெண்டு நாள் நின்னுச்சு.

தண்ணி வடிஞ்சு போச்சு. ஆனால் சுவர் காயலை. பொங்கலுக்கு வெள்ளை அடிச்சோம், பத்து நாளில் பொரிஞ்சு கொட்டிடுச்சு. அப்பதான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கினேன். 24 தவணை. ஒரு காண்ட்ராக்டர் வந்து பார்த்தார். "சுண்ணாம்புப் பூச்சு பழசு, அதை எல்லாம் கொத்தி எடுத்திட்டு சிமென்ட் பூசிடுவோம். மூணு அடிக்கு சுவரில் டைல்ஸ் ஒட்டிடுவோம். அதுக்கு மேல எனாமல் பெயிண்ட். இனிமே ஈரம் எட்டிப் பார்க்காது" அப்படின்னார். பார்க்கவும் அழகா இருந்தது. வந்தவங்க எல்லாம் "புது வீடு மாதிரி இருக்கு"ன்னு சொன்னாங்க. நானும் பெருமையா டீ போட்டுக் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை வந்தது. முன்னாடி இடுப்பு அளவு வரைக்கும் இருந்த ஓதம், இப்ப டைல்ஸைத் தாண்டி நெஞ்சு அளவுக்கு வந்திடுச்சு. எனாமல் பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உப்பி வெடிச்சது. டைல்ஸைத் தட்டிப் பார்த்தால் "டொக் டொக்"னு சத்தம். 30,000 ரூபாயில் ஈரத்தை ஒரு அடி மேலே ஏத்தி விட்டிருக்கேன்!

அதோட போயிருந்தால் பரவாயில்லை. எங்க தெருவில் ஒரு அம்மா பெண்ணோட கல்யாணப் பட்டுப்புடவையை ஃபால்ஸ் அடிக்கவும் பிளவுஸ் தைக்கவும் கொடுத்திருந்தாங்க. மழை நாள், நாலு நாள் அலமாரியில் வெச்சிருந்தேன். எடுத்துப் பார்த்தால் மடிப்பில் கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை. என் வயிறு எரிஞ்சது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டலை. "என்னம்மா இப்படி ஆயிடுச்சு"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுதான் தாங்க முடியலை. சலவைக்குக் கொடுத்தும் போகலை. பாதி விலையை நான் கொடுத்தேன். அதுக்கப்புறம் நாலு மாசம் எனக்குப் பட்டு வேலையே வரலை.

அடுத்தது என் பையன். ஆறு வயசு. மார்கழி மாசம் ராத்திரி ஆனால் மூச்சு இழுக்கும். டாக்டர் மருந்து கொடுத்திட்டு, "வீட்டில் ஈரம் இருக்கா? சுவரில் பூஞ்சை இருக்கா?"ன்னு கேட்டார். மருந்துக்குப் போன இடத்தில் சுவரைப் பற்றிக் கேட்பாங்கன்னு நான் எதிர்பார்க்கலை. ஈரமும் பூஞ்சையும் இருக்கிற வீட்டில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறும் அதிகம் வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2009லேயே தனியாகப் புத்தகமே போட்டிருக்குன்னு பிறகுதான் தெரிஞ்சுக்கிட்டேன். பையன் படுக்கிற பாய் அந்தச் சுவர் ஓரம்தான் இருந்தது.

"இந்த ஊர் அப்படித்தான், கடல் காத்து"ன்னு அத்தை சொல்வாங்க. எங்க வீட்டுக்காரர், "வீட்டை விட்டுட்டு வாடகைக்குப் போயிடலாமா"ன்னு கேட்டார். முதல் கடனில் 13 தவணை பாக்கி. தவணையும் கட்டி வாடகையும் எப்படிக் கட்டுறது?

அந்த மாசக் கூட்டத்தில் நான் உட்கார்ந்து அழுதேன். என்னைத் தேற்றினவங்க எங்க குழுவில் இருக்கிற ஒரு அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் சித்தாள் வேலை பார்த்தவங்க. கையெழுத்துப் போடவே குழுவில்தான் கத்துக்கிட்டாங்க. அவங்க சொன்னாங்க: "எனாமல் அடிக்கிறேன்னு நீ சொன்னப்பவே எனக்கு மனசு ஒப்பலை. படிச்ச பொண்ணு, காண்ட்ராக்டர் எல்லாம் வந்து பார்த்திருக்கார், நாம என்ன சொல்றதுன்னு சும்மா இருந்துட்டேன்."

அக்கா தங்கச்சிகளே, இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பத்து பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற குழுவில் விஷயம் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தார். நான் அவர்கிட்ட கேட்கலை. வெளியில் இருந்து வந்த ஆளைக் கேட்டேன்.

அந்த அக்காவும், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற எங்க தெருப் பொண்ணும் சேர்ந்து எனக்குப் புரிய வெச்சதை உங்களுக்கு அப்படியே சொல்றேன்.

விளக்குத் திரி எண்ணெயை எப்படி மேலே இழுக்குது? யாராவது பம்பு வெச்சிருக்கோமா? திரியில் இருக்கிற சின்னச் சின்ன இடுக்கு வழியா எண்ணெய் தானா ஏறுது. செங்கலும் அப்படித்தான், சாந்தும் அப்படித்தான். கீழே மண் ஈரமா இருந்தால் செங்கல் அதை உறிஞ்சி மேலே ஏத்தும். சாதாரணமா மூணு அடி வரைக்கும் ஏறும். ஏறுகிற தண்ணி மண்ணில் இருக்கிற உப்பையும் கரைச்சுக்கிட்டு வரும். சுவர் மேற்பரப்பில் தண்ணி காத்தோட போயிடும், உப்பு அங்கேயே தங்கிடும். அந்த உப்புதான் பூச்சைத் தள்ளி உடைக்குது.

இப்ப என் தப்பு எங்கன்னு பாருங்க. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஏறின ஈரம் அது வழியா வெளியில் போயிக்கிட்டே இருக்கும். நான் அதை எடுத்திட்டு சிமென்ட், டைல்ஸ், எனாமல்னு மூணு மூடியைப் போட்டு அடைச்சேன். வெளியில் போக வழி இல்லாத ஈரம் வழி கிடைக்கிற வரைக்கும் மேலே ஏறிடுச்சு. குக்கர் விசிலை அடைச்சிட்டு அடுப்பை அணைக்காமல் விட்ட மாதிரி.

நம்ம முன்னோர் இதை எப்படிச் சமாளிச்சாங்க? என் பாட்டி வீட்டில் திண்ணை உயரம். கடைக்காலில் இருந்து பேஸ்மட்டம் வரைக்கும் கருங்கல். கருங்கல் செங்கல் மாதிரி தண்ணியை உறிஞ்சாது. கூரைத் தாழ்வாரம் சுவரை விட்டு நல்லா வெளியே நீட்டிக்கிட்டிருக்கும், மழைத் தண்ணி சுவர் அடியில் விழாது. வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பாங்க. செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்க, மயிலாப்பூர் பழைய வீடுகளைப் பாருங்க, உயரமான திண்ணை வெச்சுத்தான் இருக்கும். திண்ணை வெறும் அழகுக்குன்னு நான் நினைச்சிருந்தேன்.

இப்ப புது வீடு கட்டுறவங்க பேஸ்மட்டத்து மேல, சுவர் தொடங்குறதுக்கு முன்னாடி, ஈரம் ஏறாமல் தடுக்க ஒரு அடுக்கு போடுவாங்க. டி.பி.சி.ன்னு கொத்தனார்கள் சொல்வாங்க. நீர் தடுக்கிற பவுடர் கலந்த கான்கிரீட்டோ சாந்தோ போட்டு, மேல தார் பூசுவாங்க. அது வெளியில் இருக்கிற மண் மட்டத்தில் இருந்து குறைஞ்சது அரை அடி மேலே இருக்கணும். உங்களில் யாராவது புதுசா வீடு கட்டினால், அரசு உதவியில் கட்டினாலும் சரி, "டி.பி.சி. போட்டாச்சா?"ன்னு நின்னு கேளுங்க. சுவர் எழும்பின பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்லை. எங்க வீட்டில் அது கிடையாது. இருந்திருந்தாலும் ரோடு அதைத் தாண்டிப் போயிருக்கும்.

அந்தப் பாலிடெக்னிக் பொண்ணு இன்னொன்னும் சொன்னாள். அமெரிக்காவில் நிறைய வீடுகள் மரத் தரை வெச்ச வீடுகளாம். தரைக்குக் கீழே ரெண்டு மூணு அடிக்கு வெற்றிடம், ஆள் தவழ்ந்துதான் போக முடியும். அந்த மண்ணில் இருந்து கிளம்புகிற ஈரம் மேலே மரத்தை உளுத்துப் போகச் செய்யும். அதனால் மண் மேலே முழுக்க கனமான பாலித்தீன் ஷீட்டை விரிச்சு, ஓரத்தில் சுவர் மேலே கொஞ்சம் ஏத்தி, இணைப்பை ஒட்டி விடுவாங்களாம். குறைஞ்சது 150 மைக்ரான் கனம். நம்ம வீட்டில் அந்த வெற்றிடம் கிடையாது. மண்ணு மேலேயே தரை. ஆனால் வேலை ஒண்ணுதான். மண்ணுக்கும் தரைக்கும் நடுவில் ஈரம் தாண்ட முடியாத ஒரு அடுக்கு இருக்கணும்.

சரி, ஈரம் கீழே இருந்துதான் வருதுன்னு எப்படித் தெரியும்? செலவில்லாத சோதனை ஒண்ணு இருக்கு. எல்லாரும் வீட்டில் செய்து பாருங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டைத் தரையில் வெச்சு, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டுங்க. 16 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்க. நான் ஒரு நாள் முழுக்க விட்டேன். எடுத்துப் பார்க்கும்போது ஷீட்டுக்கு அடிப்பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னால், ஈரம் தரைக்குக் கீழே இருந்து வருது. மேல்பக்கம் மட்டும் நனைஞ்சிருந்தால் அது காத்தில் இருக்கிற ஈரம், ஜன்னலைத் திறந்து வெச்சாலே பாதி சரியாகும். எங்க வீட்டில் ஷீட்டைத் தூக்கினதும் அடியில் இருந்து தண்ணி வழிஞ்சது. அத்தை பார்த்திட்டு, "கடல் காத்து இல்லைடி"ன்னாங்க.

சோதனையில் ஈரம்னு தெரிஞ்சாலும் உடனே தரையை உடைக்கக் கூடாது. முதலில் வேற காரணம் இருக்கான்னு பார்க்கணும். குழாய் எங்கேயாவது கசியுதா, குளியலறைத் தண்ணி சுவர் பக்கம் இறங்குதா, செப்டிக் டேங்க் ஒட்டி இருக்கா, கூரைத் தண்ணி சுவர் அடியில் விழுதா? 2003ல் மழைநீர் சேமிப்பைக் கட்டாயம் ஆக்கினப்ப நிறையப் பேர் குழியைச் சுவரை ஒட்டியே வெச்சிட்டாங்க. குழி வேணும், ஆனால் சுவரை விட்டுத் தள்ளி இருக்கணும். எங்க வீட்டில் பின்பக்கச் சுவரில் ரெண்டு அடி உயரத்துக்கு மண்ணும் உடைஞ்ச செங்கலும் சாத்திக் கிடந்தது. வருஷக் கணக்கா நாங்களே கொட்டினது. அதை எடுக்கிறதுக்கு ஒரு ரூபாய் செலவில்லை. நானும் வீட்டுக்காரரும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையில் எடுத்தோம்.

அடுத்து ரெண்டாவது கடன் கேட்டேன். இங்கதான் குழுவில் பெரிய விவாதம். "முதல் கடனே முடியலை, அதே வீட்டுக்கு இன்னொரு கடனா?"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம். அது எல்லாருடைய சேமிப்பு. நான் கோபப்படலை. சித்தாள் அக்காதான் எழுந்து, "இந்த வேலை முடியிற வரைக்கும் நான் கூட நிக்கிறேன். ஒவ்வொரு மூட்டைக்கும் கணக்கு வாங்கிக் கொடுக்கிறேன்"னு சொன்னாங்க. அதைத் தீர்மான நோட்டில் எழுதினாங்க. 24,000 ரூபாய் கொடுத்தாங்க. மழை முடிஞ்சு மாசி பிறந்ததும் வேலையை ஆரம்பிச்சோம். வெயில் காலத்தில்தான் இந்த வேலையைச் செய்யணும்.

பணம் ஒரு அறைக்குத்தான் வரும். பையன் படுக்கிற, மெஷின் இருக்கிற முன் அறை, பத்துக்குப் பன்னிரண்டு. தரையை உடைக்கிற அன்னைக்கு அத்தை சாப்பிடலை. மாமனார் தன் கையால் தேய்ச்ச சிவப்புத் தரை அது. "உன் இஷ்டம்"னு மட்டும் சொல்லிட்டு எதிர் வீட்டில் போய் உட்கார்ந்துட்டாங்க. எனக்கும் கை நடுங்கினது. முதல் தடவை மாதிரி இதுவும் வீணாப் போனால் அவங்க முகத்தில் எப்படி முழிக்கிறது?

வேலை நடந்த முறையைச் சொல்றேன், குறிச்சுக்கோங்க.

தரையை உடைச்சு முக்கால் அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்தோம். சுவரோட கடைக்காலுக்குக் கீழே போகக் கூடாது, போனால் சுவருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தால் ஒரு இன்ஜினியரைக் காட்டிட்டுத்தான் தோண்டணும். மண்ணை நல்லா திமிசு போட்டு இடிச்சோம். அது மேலே நாலு இஞ்ச் ஒன்றரை ஜல்லி. தூள் கலக்காத பெரிய ஜல்லியா இருக்கணும். ஜல்லிக்கு நடுவில் இடைவெளி பெரிசா இருக்கிறதால் திரி மாதிரி தண்ணி ஏறாது. அது மேலே ரெண்டு இஞ்ச் மணல் பரப்பி மட்டம் பண்ணினோம். மணல் எதுக்குன்னா, ஜல்லி முனை ஷீட்டைக் குத்தக் கூடாது.

அதுக்கு மேலதான் ஷீட். 250 மைக்ரான் கறுப்புப் பாலித்தீன். கடையில் எடை போட்டுத்தான் கொடுத்தாங்க. நாலு கிலோ, 820 ரூபாய். நாலா பக்கமும் சுவர் மேலே அரை அடி ஏத்தி விட்டோம். இணைப்பு வர்ற இடத்தில் ஒண்ணு மேல ஒண்ணு அரை அடிக்குக் குறையாமல் ஏத்தி டேப் ஒட்டினோம். ஷீட் மேலே செருப்புக் காலோட யாரும் நடக்கக் கூடாதுன்னு அக்கா சட்டம் போட்டுட்டாங்க. பாண்டு தூக்கி வர்றவங்களுக்குப் பலகை போட்டோம். ஒரு இடத்தில் கம்பி குத்திக் கிழிஞ்சது. "பரவாயில்லை, மேல கான்கிரீட் வரப் போகுது"ன்னு மேஸ்திரி சொன்னார். அக்கா விடலை. "அந்த ஓட்டை வழியாத்தான் வரும்"னு சொல்லி, பெரிய துண்டு வெட்டி ஒட்டின பிறகுதான் நகர்ந்தாங்க. அப்புறம் மூணு இஞ்ச் கான்கிரீட், ஒரு வாரம் தண்ணி கட்டி, மேலே தரை.

தரையை உடைக்க முடியாதவங்க பழைய தரை மேலேயே ஷீட் விரிச்சு, மேலே கான்கிரீட் போட்டு உயர்த்தலாம். ஆனால் வாசற்படி உயரம் குறையும், கதவை அடியில் வெட்டணும். அதைக் கணக்குப் போட்டுக்கணும்.

ஒரு முக்கியமான விஷயம். தரையை மட்டும் ஷீட் போட்டு அடைச்சிட்டு சுவரை அப்படியே விட்டால், தரை வழியா வர முடியாத ஈரம் சுவர் பக்கம் திரும்பும். அதனால் சுவருக்கும் சேர்த்துத்தான் வைத்தியம். டைல்ஸ், சிமென்ட் பூச்சு எல்லாத்தையும் கொத்தி எடுத்தோம். 30,000 ரூபாய் சாக்கு மூட்டையில் குப்பையாகப் போனதை நான் நின்னு பார்த்தேன். செங்கலில் இருந்த உப்பைக் காய்ஞ்ச பிரஷ் வெச்சுத் தேய்ச்சு எடுத்தோம். தண்ணி ஊத்திக் கழுவக் கூடாது, கழுவினால் உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளேயே போயிடும். அப்புறம் சுவரைச் சும்மா விட்டோம்.

எத்தனை நாள்? ஒரு இஞ்ச் கனத்துக்கு ஒரு மாசம்னு கணக்கு. எங்க சுவர் ஒன்பது இஞ்ச். ஒன்பது மாசம்! அவ்வளவு நாளும் முன் அறையில் செங்கல் பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தது. நாத்தனார் வந்து, "இன்னும் வேலை முடியலையா, பணம் தீர்ந்து போச்சா?"ன்னு கேட்டாங்க. துணி கொடுக்க வந்தவங்களும் ஒரு மாதிரி பார்த்தாங்க. அவசரப்பட்டு பூசிடலாமான்னு நான் நாலு தடவை நினைச்சேன். அத்தைதான், "இவ்வளவு பொறுத்தோம், இன்னும் கொஞ்சம் பொறு"ன்னு சொன்னாங்க. தரையை உடைச்சப்ப சாப்பிடாமல் இருந்த அதே அத்தை.

போன ஐப்பசி, கார்த்திகை மழையில் என்ன ஆச்சுன்னு உண்மையைச் சொல்றேன். தரை காய்ஞ்சு இருந்தது. அதே ஒன்றரை அடி பிளாஸ்டிக்கை ஒட்டி திரும்பச் சோதிச்சோம், அடியில் ஒரு சொட்டு இல்லை. சுவரில் ஓதம் முழுக்க நிக்கலை. ஒரு அடிக்கு வருது, முன்னாடி நெஞ்சு அளவு வந்தது. சுவருக்குள்ள அடுக்கு இல்லாததால் அது வந்துதான் தீரும். சுவர் அடியில் வரிசையா நாலைந்து இஞ்சுக்கு ஒரு ஓட்டை போட்டு, தண்ணியை ஏற விடாத மருந்தைச் செலுத்துகிற முறை இருக்கு. செலவு ஜாஸ்தி, இன்னும் செய்யலை. தை மாசம் சுண்ணாம்புச் சாந்து பூசி, சுண்ணாம்பு அடிச்சிருக்கோம். அந்த ஒரு அடி ஈரமும் அது வழியா வெளியில் போயிடுது. சமையல் அறை இன்னும் பழையபடிதான். பையனுக்கு இந்த மார்கழியில் ஒரு தடவைதான் மூச்சு இழுத்தது. போன மார்கழியில் பதினோரு ராத்திரி, நான் காலண்டரில் குறிச்சு வெச்சிருக்கேன். மருந்தும் காரணம், சுவரும் காரணம்னு நான் நம்புறேன்.

மொத்தச் செலவு 23,400 ரூபாய். மீதி 600ஐக் குழுவில் திரும்பக் கட்டினேன். முதல் கடன் முடிஞ்சது. ரெண்டாவதில் இன்னும் 12 தவணை இருக்கு. அந்தக் கல்யாணப் பட்டு கொடுத்த அம்மா, போன மாசம் சின்னப் பொண்ணு நிச்சயதார்த்தத்துக்குப் பட்டு பிளவுஸ் தைக்க என்கிட்டயே கொண்டு வந்தாங்க. உள்ளே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்திட்டு, ஒண்ணும் சொல்லாமல் பையைக் கொடுத்திட்டுப் போனாங்க.

நம்ம தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கு. கோட்டையூரில் ஒருத்தர் ஆயுள் முழுக்கச் சேர்த்த பழைய தமிழ்ப் புத்தகங்களை வெச்சு 1994ல் ஆரம்பிச்சது. காகிதத்துக்கு ஈரம் எமன்னு அங்கே பாதுகாத்து வெச்சிருக்காங்க. கட்டடங்களை ஆராய்ச்சி பண்ற மத்திய அரசு நிறுவனமும் நம்ம ஊரில்தான் இருக்கு. நம்ம வீட்டு ரேஷன் கார்டு, பத்திரம், பிள்ளைங்க மார்க் ஷீட் எல்லாம் எங்க இருக்கு? சுவர் ஓரத்து டிரங்குப் பெட்டியில். அதையும் நாம்தான் காப்பாத்தணும்.

கூட்டமைப்புக்கு மூணு வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒண்ணு, வீடு பழுது பார்க்கக் கடன் கேட்டால், கொடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு உறுப்பினர் நேரில் போய் அந்த பிளாஸ்டிக் சோதனையைச் செய்து, காரணத்தை நோட்டில் எழுதணும். காரணம் தெரியாமல் பெயிண்ட்டுக்குக் கடன் கொடுக்காதீங்க.

ரெண்டு, நம்ம கூட்டமைப்பில் சித்தாள் வேலை, கொத்து வேலை தெரிஞ்ச பெண்கள் எத்தனை பேர்னு ஒரு பட்டியல் எடுக்கணும். அவங்க ஆலோசனைக்கு ஒரு நாள் கூலி கொடுத்துக் கூப்பிடணும். ஓசியில் கேட்கக் கூடாது.

மூணு, ரோடு. 2021ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அவர்கள், பழைய தாரைச் சுரண்டி எடுத்திட்டுத்தான் புது ரோடு போடணும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாதுன்னு உத்தரவு போட்டார். உங்க தெருவில் அடுத்த தடவை ரோடு போட வண்டி வந்தால், நாலு பேரா சேர்ந்து போய் "சுரண்டிட்டீங்களா?"ன்னு கேளுங்க. ஒருத்தியா கேட்டால் பதில் வராது. குழுவா கேட்டால் வரும்.

கடைசியா ஒண்ணு. அந்த சித்தாள் அக்கா இங்கேயே, நாலாவது வரிசையில் ஓரமா உட்கார்ந்திருக்காங்க. மேடைக்கு வரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாங்க. பேச்சு முடிஞ்சதும் உங்க வீட்டுச் சுவரைப் பற்றி என்கிட்ட கேட்காதீங்க, அவங்ககிட்ட கேளுங்க.